நூலாக வந்த தண்ணீர்

பழைய மோட்டார் படகு கைக்கு வந்ததும் தண்ணீரில் இறக்கத்தான் மனம் பறக்கும். நான் முதலில் தரையிலேயே எஞ்சினை ஓட்டிப் பார்த்தேன். படகின் பின்னால் வெளியே மாட்டிய அவுட்போர்டு எஞ்சினின் நீர் உறிஞ்சும் துளைகளில் ஹோஸை மாட்டி, குழாயைத் திறந்த பிறகே ஸ்டார்ட் செய்தேன். கியர் நியூட்ரலில். தண்ணீரில்லாமல் ஓடினால், எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் ஏற்றும் பம்பின் ரப்பர் இம்பெல்லர் (இதழ்கள் கொண்ட சுழலி) சீக்கிரமே கருகிவிடும்.

பின்பக்கத் துளையிலிருந்து பீய்ச்ச வேண்டிய தண்ணீர் நூல் மாதிரிதான் வந்தது. உடனே நிறுத்தி, மெல்லிய கம்பியால் துளையைக் குத்தினேன். கொஞ்சம் உப்பு உதிர்ந்ததோடு சரி. ஸ்பார்க் பிளக் ஒயர்களைப் பிடுங்கிவிட்டு, கீழே உள்ள கியர் பெட்டியைக் கழற்றியதும் விஷயம் தெரிந்தது: இம்பெல்லரின் இதழ்கள் ஒரே பக்கமாக வளைந்து விறைத்திருந்தன, ஒன்று முறிந்தே போயிருந்தது. புதியதை மாட்டுவது எளிது. முறிந்த துண்டைத் தேடுவதுதான் பெரும்பாடு! விட்டால் அது மேலேறிக் குளிர்விக்கும் பாதையை அடைக்கும். நல்லவேளை, தண்ணீர்க் குழாயின் வாயிலேயே சிக்கியிருந்தது. பம்ப் மூடியை அழுத்தும்போது, இம்பெல்லரைச் சுழற்றும் தண்டை அது வழக்கமாகச் சுழலும் திசையிலேயே திருப்ப வேண்டும்.

மறுபடி ஓட்டியபோது தண்ணீர் விசையாகப் பீய்ச்சியது. அப்படியே அவசரத்தில் எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச் கயிற்றையும் இழுத்தேன். எஞ்சின் சட்டென நின்றது. அப்படி எஞ்சின் நிற்காத படகை நான் இறக்கவே மாட்டேன். அடித்தள வடிகால் பிளக்கை இறுக்கியாயிற்றா என்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு இறக்கினேன்.