உப்பளப் படங்களுக்குக் குறிப்பு எழுதும் முறை

வேதாரண்யம் பக்கம் அகஸ்தியன்பள்ளி உப்பளங்களைப் பல வருடமாகப் படம் எடுத்து வருகிறேன். இப்படி நீண்ட வேலையில் இறங்குகிறவர்கள் முதலில் கேமராவின் கடிகாரத்தைச் சரிபாருங்கள். அன்றைய முதல் படமாகக் கைபேசியின் மணியை எடுத்துவிடுங்கள். கடிகாரம் தப்பாக ஓடியிருந்தால், எவ்வளவு தப்பு என்று கணக்கிட்டு எல்லாப் படத்தையும் மொத்தமாகத் திருத்தலாம்.

கேமரா 9999-ஐத் தொட்டதும் பெரும்பாலும் மறுபடி 0001-லிருந்து எண்ண ஆரம்பிக்கும். ஒரே பெயரில் இரண்டு படம் வந்து நிற்கும். அதனால் கணினியில் ஏற்றும்போதே பெயரை மாற்றிவிடுங்கள்: 2023-06-11_அகஸ்தியன்பள்ளி_0042. வருடம் முன்னால் வரவேண்டும். தேதி எண்ணை முன்னால் போட்டால் எல்லா மாதத்து ஒன்றாம் தேதியும் ஒரே இடத்தில் போய்க் குவியும். பெயரில் இவ்வளவு போதும்.

மீதியெல்லாம் படக்குறிப்புக்கு. அதை அன்றிரவே எழுதுங்கள், தூக்கம் வந்தாலும் சரி. "உப்பளத் தொழிலாளர்கள்" என்று எழுதி என்ன பயன்? அது பார்த்தாலே தெரிகிறது. படம் சொல்லாததை எழுத வேண்டும். நான் எழுதுவது இந்த மாதிரி:

"காலை 6.10. உப்பு வாருகிறார்கள். இடமிருந்து இரண்டாவது ஆள் பாத்தியைக் குத்தகைக்கு எடுத்தவர், மற்ற மூவர் கூலிக்கு வந்தவர்கள். பின்னால் உள்ள கரை கஜா புயலுக்குப் பிறகு போட்டது (குத்தகைதாரர் சொன்னது)."

அந்த அடைப்புக்குறியை விட்டுவிடாதீர்கள். கண்ணால் பார்த்தது எது, கேட்டது எது என்று பத்து வருடம் கழித்து உங்களுக்கே தெரியாது. ஆட்களின் பெயரோடு அப்பா பெயரும் பட்டப்பெயரும் வேண்டும். ஒரே தெருவில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். பெயர் வெளியே வரவேண்டாம் என்கிறவருக்கு ஓர் எண் கொடுத்து, பெயரைத் தனி நோட்டில் வையுங்கள்.

ஊரோடு மாவட்டத்தையும், அது எந்த வருடத்து மாவட்டம் என்பதையும் எழுதுங்கள். நான் எடுத்த பழைய தரங்கம்பாடிப் படங்களில் நாகப்பட்டினம் மாவட்டம் என்றிருக்கிறது. 2020 டிசம்பரில் அது மயிலாடுதுறை மாவட்டமாகிவிட்டது. பழையதை அழிக்காமல் புதியதைப் பக்கத்தில் சேர்த்தேன்.

அப்புறம் தேடுசொற்கள். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கேதான் வம்பு. "வேதாரண்யத்தில்" என்று எழுதி வைத்தால் "வேதாரண்யம்" என்று தேடும்போது சிக்காது. ஆகவே வேற்றுமை உருபு சேர்க்காத சொல்லாகவே போடுங்கள். உப்பளம், அளம், உப்பளங்கள் என்று மூன்றையும் கலக்காமல் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் ஒரு தாளில் பட்டியல் எழுதி மேசைக்கு மேல் ஒட்டியிருக்கிறேன். அதில் இல்லாத சொல்லைப் போடுவதில்லை.

இதையெல்லாம் டிஜிகேம் போன்ற இலவச மென்பொருளிலேயே செய்யலாம். ஜேபெக் என்றால் குறிப்பு படத்துக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். ரா கோப்புக்கு (கேமரா பதப்படுத்தாமல் அப்படியே தரும் மூலப்படம்) பெரும்பாலும் எக்ஸ்எம்பி என்ற சின்னக் கோப்பு பக்கத்தில் உருவாகும். அதை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் நகர்த்தினால் எழுதியதெல்லாம் போச்சு. வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அனுப்பினாலும் குறிப்பு உதிர்ந்துவிடும், ஆவணமாக அனுப்புங்கள்.

பிரதி மூன்று வையுங்கள். ஒன்றாவது கடற்கரையைவிட்டுத் தள்ளி இருக்கட்டும். என்னுடையது திருச்சியில் அக்கா வீட்டு பீரோவில் இருக்கிறது. பொங்கலுக்குப் போகும்போது புதுப் படங்களை ஏற்றிவிட்டு, பழையதில் நாலைந்தைத் திறந்து பார்த்துவிட்டு வருவேன்.