பேலியோவில் இனிப்பு ஆசை: நான் சமாளித்த விதம்

பேலியோவில் (மாவுச்சத்தையும் சர்க்கரையையும் ஒதுக்கும் உணவுமுறை) இட்லியை விட்டது கூடப் பெரிதாகத் தெரியவில்லை, மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா கடையைத் தாண்டுவதுதான் பெரும்பாடு. காபிக்கு சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பூட்டி பாக்கெட் வாங்கினேன். ஆசை அடங்கவில்லை, மதியமே நாக்கு மறுபடி கேட்கும். அட்டையைத் திருப்பினால் பொடி எழுத்தில் மால்டோடெக்ஸ்ட்ரின்! சுக்ரலோஸ் சர்க்கரையைவிடச் சுமார் 600 மடங்கு இனிப்பு என்பதால் துளிதான் போடுவார்கள், மீதியெல்லாம் ரத்தச் சர்க்கரையை ஏற்றும் இந்த மாவுப்பொடிதான். கருப்பட்டி இயற்கைதானே என்றார் அத்தை, அதுவும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான் அத்தை! அப்புறம் வேறெதுவும் கலக்காத ஸ்டீவியா என்ற இனிப்பு இலைச் சாற்றுச் சொட்டுக்கு மாறினேன் (கூடினால் பின்நாக்கில் கசக்கும்). அதையும் மெல்லக் குறைத்து, இப்போது பட்டர் காபியில் தட்டிப்போட்ட ஏலக்காய் மட்டும். விசேஷ நாளென்றால் தேங்காய்ப்பாலில் கொஞ்சம் எரித்ரிட்டால் என்ற சர்க்கரை மாற்று, அவ்வளவுதான்.