கொட்டும் மழை, கொளுத்தும் வெயில்: முதல் காய்கறித் தோட்டம் போடுவது எப்படி?

ஆண்டு முழுக்க வெப்பம், அதில் பல மாதங்கள் பலத்த மழை. இப்படிப்பட்ட இடத்தில் செடி வேகமாக வளரும். அதே வேகத்தில் அழுகவும் செய்யும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் விதையையும் உரத்தையும் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறார்கள். மண்வெட்டியை எடுத்துத் தண்ணீருக்கு வழி வெட்டுவதில் இருந்து தொடங்குங்கள் என்பேன். வடிகால் சரியாக இருந்தால் மற்றதை எல்லாம் போகப்போகச் சரி செய்துகொள்ளலாம். வடிகால் இல்லாத நிலத்தில் நல்ல விதையும் வீண், நல்ல உரமும் வீண்.

ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். 1 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர் தண்ணீர். ஒரே மாலையில் 50 மி.மீ. பெய்தால், 10 சதுர மீட்டர் பாத்தியில் 500 லிட்டர் வந்து விழுகிறது. அது வெளியேற வழியில்லாமல் நின்றால் மண்ணின் துளைகளில் காற்றுக்கு இடமிருக்காது. வேர் மூச்சுத் திணறும். தக்காளி, மிளகாய் போன்றவை ஓரிரு நாள் நீர் தேங்கினாலே வாடிவிடும். வேர் தண்ணீரில் இருக்கும்போது இலை வாடுவதைப் பார்த்து, தாகம் என்று நினைத்து மேலும் தண்ணீர் ஊற்றிவிட வேண்டாம்.

படி 1: மழை பெய்யும்போது இடத்தைப் பாருங்கள்

வெயில் நாளில் எல்லா இடமும் நல்ல இடமாகத்தான் தெரியும். பலத்த மழை பெய்யும் நேரத்தில் குடையோடு போய் நில்லுங்கள். தண்ணீர் எங்கிருந்து உள்ளே வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்று பார்த்துக் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். தேங்கும் இடத்தை விட்டுவிடுங்கள். நாளுக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் விழ வேண்டும்.

அப்புறம் ஒரு சோதனை. 30 செ.மீ. ஆழம், அதே அகலத்தில் ஒரு குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி, முழுதாக வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். 2.5 செ.மீ.க்கு மேல் இறங்கினால் கவலையில்லை. அதற்குக் குறைவு என்றால் களிமண் அதிகம். பாத்தியை இன்னும் உயரமாகப் போட வேண்டும்.

தொடக்கத்துக்கு இரண்டு பாத்தி போதும். பெரிய நிலம் கையில் இருந்தாலும் முதல் பருவத்தில் அவ்வளவுதான் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. மழைக்காலத்தில் களை வளரும் வேகத்துக்கு ஒரு புதியவரால் அதற்கு மேல் ஈடுகொடுக்க முடியாது.

படி 2: மேட்டுப்பாத்தி

அகலம் 1 மீட்டர், உயரம் 20 முதல் 30 செ.மீ. இரண்டு பக்கமும் நின்று கையை நீட்டினால் நடுப்பகுதி எட்ட வேண்டும். பாத்திக்குள் கால் வைக்கவே கூடாது. மிதித்த மண் இறுகிவிட்டால் மழைநீர் இறங்காது. பாத்திகளுக்கு நடுவே 40 - 50 செ.மீ. அகலத்தில் வாய்க்கால். அங்கே வெட்டி எடுக்கும் மண்ணைத்தான் பாத்தியின் மேல் போடுகிறோம், ஆகவே வேலை இரண்டும் ஒன்றாக முடிந்துவிடும்.

வாய்க்காலுக்குச் சரிவு முக்கியம். 5 மீட்டர் நீளத்துக்கு 5 செ.மீ. இறக்கம் இருந்தால் தண்ணீர் மெதுவாக ஓடும், மண்ணை அரிக்காது. நிலமே சரிவாக இருந்தால், பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்கே போடுங்கள். சரிவோடு நேராகப் போட்டால் நாலு மழையில் மேல்மண் முழுக்கக் கீழே போய்விடும். எல்லா வாய்க்காலும் போய்ச் சேர ஒரு பெரிய வாய்க்காலோ குழியோ இருக்க வேண்டும். குழியில் சேரும் நீர், மழை இல்லாத வாரத்தில் பயன்படும். ஆனால் அதில் கொசு முட்டையிடாதபடி வலை போட்டு மூடுங்கள்.

ஈர மண்ணைக் கொத்தாதீர்கள். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். உருண்டையைக் கட்டை விரலால் தட்டினால் உதிர்ந்துவிட்டால் கொத்தலாம். பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு விரல் ரேகை பதிந்தால் இன்னும் ஓரிரு நாள் பொறுங்கள்.

நன்றாக மக்கிய தொழு உரம் அல்லது மக்கு உரம், சதுர மீட்டருக்கு 2 - 3 கிலோ கலக்கவும். பலத்த மழை பெய்யும் இடங்களில் சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் கரைந்து போய் மண் புளிப்புத் தன்மை அடைவது வழக்கம். மண் பரிசோதனை செய்து பார்த்து, கார அமில நிலை (pH) 5.5க்குக் கீழே இருந்தால் மட்டும் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிராம் விவசாயச் சுண்ணாம்புத் தூளைக் கலந்து, நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே விட்டுவிடுங்கள். சாண உரத்தையும் சுண்ணாம்பையும் ஒரே நாளில் போட்டால் தழைச்சத்து (நைட்ரஜன்) ஆவியாகிவிடும்.

படி 3: மூடாக்கு

மண்ணின் மேல் காய்ந்த இலைதழையைப் பரப்பி மூடுவதுதான் மூடாக்கு. இதை யாரும் தள்ளிப்போடக் கூடாது. வெறும் மண்ணில் மழைத்துளி விழுந்தால் சேறு தெறித்து அடி இலைகளில் ஒட்டுகிறது. அந்தச் சேற்றோடுதான் பூஞ்சையும் பாக்டீரியாவும் மேலே ஏறுகின்றன. வைக்கோல், காய்ந்த இலை, விதை கட்டாத காய்ந்த புல், எது கிடைத்தாலும் 5 - 8 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். தெறிப்பு நிற்கும், களை குறையும், வெயில் நாளில் மேல்மண் சூடேறாது.

தண்டைச் சுற்றி நாலு விரல் அளவு இடம் விட்டுப் பரப்ப வேண்டும். தண்டோடு ஒட்டிக் கிடந்தால் அங்கே எப்போதும் ஈரம் நின்று அழுகல் பிடிக்கும். மூடாக்கு நத்தைக்கும் பிடித்த இடம்தான். இருட்டிய பிறகு விளக்கோடு போய்ப் பொறுக்கி எடுப்பதைவிடச் சிறந்த வழி இதற்கு இல்லை, கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: எதைப் பயிரிடலாம்?

இந்தத் தட்பவெப்பத்தையே சொந்தமாகக் கொண்ட பயிர்கள் உண்டு. தண்டுக்கீரை விதைத்த 25 - 30 நாளில் பறிக்கலாம். மண்ணின் நிலையையும் சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடும். அடுத்து வெண்டை, காராமணி, கத்தரி. பந்தல் போட முடிந்தால் பீர்க்கன், பாகல், புடலை. எவ்வளவு வடித்தாலும் ஈரம் விடாத மூலை ஒன்று இருந்தால், அங்கே வள்ளைக்கீரையைப் போடுங்கள், தண்ணீரிலேயே வளரும்.

தக்காளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் அதில்தான் தொடங்க ஆசைப்படுகிறார்கள். பகல் வெப்பம் 35 டிகிரியை நெருங்கி, இரவிலும் குளிர்ச்சி வராமல் இருந்தால் தக்காளியின் மகரந்தம் வலுவிழந்து, பூ காயாகாமல் உதிரும். செடி பச்சைப்பசேலென்று நிற்கும், காய் இருக்காது. அதோடு பாக்டீரியா வாடல் நோய் வேறு. தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் இதற்கு ஒரு வழியைப் பரிந்துரைக்கிறது: வாடலையும் நீர்த்தேக்கத்தையும் தாங்கும் கத்தரி வேர்ச்செடியின் மேல் தக்காளியை ஒட்டுக்கட்டுவது, அதாவது வேர் கத்தரியுடையது, மேலே வளரும் தண்டு தக்காளியுடையது. ஒட்டுக்கட்டிய நாற்று கிடைத்தால் மழைக்காலத்திலும் முயலலாம். இல்லையென்றால் மழை குறைந்து இரவு சற்றுக் குளிரும் மாதங்களுக்குத் தக்காளியைத் தள்ளி வையுங்கள். கேரட்டும் முட்டைக்கோஸும் முதல் ஆண்டில் வேண்டாம்.

படி 5: விதையும் நாற்றும்

ஈரக்காற்று விதையைக் கெடுக்கும். விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது விதைச் சேமிப்பில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நன்றாகக் காய்ந்த விதையைக் காற்றுப் புகாத கண்ணாடி ஜாடியில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு நிழலில் வையுங்கள்.

வெண்டை, காராமணி, கீரை மூன்றையும் பாத்தியிலேயே நேரடியாக விதைக்கலாம். வெண்டை விதையை இரவு முழுக்க ஊறவைத்தால் சீராக முளைக்கும். கத்தரியும் மிளகாயும் நாற்றுவிட்டு நடவேண்டியவை. குழித்தட்டில் தென்னைநார்க்கழிவும் மக்கு உரமும் கலந்து நிரப்பி, மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கூரை போடுங்கள். நான்கு பக்கமும் திறந்தே இருக்கட்டும். மூடிவிட்டால் உள்ளே வெந்துவிடும்.

நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று காலை சாய்ந்து கிடக்கிறது. மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நூல் கட்டி இறுக்கியது போலச் சுருங்கியிருக்கிறது. இதுதான் நாற்றழுகல். அதிக ஈரமும் நெருக்கமும் காரணம். நெருக்கமாக விதைக்காதீர்கள், காலையில் மட்டும் தண்ணீர் தெளியுங்கள், விதைக்கும் முன் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடியைக் கிலோ விதைக்கு 4 கிராம் கணக்கில் விதையில் கலந்துகொள்ளுங்கள். சாய்ந்த நாற்று பிழைக்காது, பிடுங்கி அப்புறப்படுத்திவிடுங்கள்.

கத்தரி 30 நாளில், மிளகாய் 40 நாளில் நடவுக்குத் தயாராகும். மாலையில் நடுங்கள். கத்தரிக்குச் செடிக்குச் செடி 60 செ.மீ., வெண்டைக்கு வரிசைக்கு வரிசை 45 செ.மீ., வரிசைக்குள் 30 செ.மீ. பார்க்கக் காலியாகத் தெரியும், குறைக்கவேண்டாம். மழைக்குப் பிறகு இலைகள் காற்றில் சீக்கிரம் உலர அந்த இடைவெளி வேண்டும்.

படி 6: உரத்தைப் பிரித்துப் போடுங்கள்

தழைச்சத்து, நைட்ரேட் வடிவில், மழைநீரோடு வேருக்குக் கீழே இறங்கிவிடும். ஆகவே ஒரே தடவையில் நிறையப் போட்டால் பாதி செடிக்குக் கிடைக்காது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை, செடியைச் சுற்றி ஒரு கைப்பிடி மண்புழு உரமோ மக்கு உரமோ வைத்து, அதன் மேல் மூடாக்கை இழுத்துவிடுங்கள். கனமழை வரும் என்று தெரிந்தால் அன்றைக்கு வேண்டாம். மக்கு உரக் குவியலுக்கும் ஒரு கூரை தேவை. நனைந்துகொண்டே இருக்கும் குவியலில் இருந்து சத்து கரைந்து ஓடிவிடும்.

படி 7: பந்தல், பூ, கை மகரந்தச் சேர்க்கை

கொடிகளைத் தரையில் படர விடாதீர்கள். ஆள் உயரத்துக்குக் கம்பு ஊன்றி, மேலே வலையோ கயிறோ கட்டி ஏற்றிவிடுங்கள். தொங்கும் காய்தான் நேராக வரும், அழுகாது.

தொடர் மழையில் தேனீ வராது. பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தால் நோய் என்று மருந்து தேடாதீர்கள். பல சமயம் மகரந்தம் சேராததுதான் காரணம். பூவுக்குப் பின்னால் குட்டிக் காய் ஒட்டியிருந்தால் அது பெண் பூ; வெறும் காம்பு மட்டும் இருந்தால் ஆண் பூ. ஆண் பூவைப் பறித்து இதழை நீக்கி, நடுவில் இருக்கும் மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். பாகல் காலையில் பூக்கும், பீர்க்கன் மாலையில். பூ விரிந்ததும் செய்துவிட வேண்டும்.

படி 8: நோயும் பூச்சியும்

இலை ஈரமாக இருக்கும்போது செடிகளுக்கு நடுவே வேலை செய்யாதீர்கள். ஒரு செடியின் நோய் உங்கள் கையோடும் கத்தரிக்கோலோடும் அடுத்த செடிக்குப் போகும்.

கத்தரியோ தக்காளியோ, இலை பச்சையாக இருக்கும்போதே திடீரென்று தொங்கினால், தண்டின் அடிப்பகுதியில் ஒரு துண்டை நறுக்கி, தெளிந்த நீருள்ள கண்ணாடி டம்ளரில் முனை மட்டும் நனையும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டு வாயிலிருந்து பால் போன்ற வெண்ணிற இழை கீழ்நோக்கி இறங்கினால் அது பாக்டீரியா வாடல். மருந்து இல்லை. செடியை வேரோடு பிடுங்கித் தோட்டத்துக்கு வெளியே அப்புறப்படுத்துங்கள். மக்கு உரக் குவியலில் போடக்கூடாது. அந்தப் பாத்தியில் கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் சில பருவங்களுக்கு நடாமல், கீரை, காராமணி, வெண்டை என்று மாற்றுங்கள்.

பாகல், பீர்க்கனில் பழ ஈ பிஞ்சைக் குத்தி உள்ளே முட்டையிடும். விரல் நீளம் வந்ததும் காகித உறை மாட்டிவிடுவது எளிய வழி. குத்துப்பட்டு விழுந்த காய்களைத் தினமும் பொறுக்கி, கட்டிய பையில் போட்டு வெயிலில் வையுங்கள். விட்டால் உள்ளிருக்கும் புழு மண்ணுக்குள் போய்க் கூடாகி மறுபடி ஈயாக வரும். அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் 1 லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து இலையின் அடிப்பக்கம் படும்படி மாலையில் தெளியுங்கள். மழை வந்தால் கழுவிப் போய்விடும், மறுபடி தெளிக்க வேண்டியதுதான். நரம்பு மஞ்சளாகி வலை போலத் தெரியும் வெண்டைச் செடிக்கு வைத்தியம் கிடையாது. பிடுங்கிவிடுங்கள், அடுத்த முறை நோய் தாங்கும் ரகம் வாங்குங்கள்.

படி 9: பறிப்பும், அதற்குப் பிறகும்

வெண்டை 45 - 50 நாளில் காய்க்கத் தொடங்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். நுனியை ஒடித்தால் பட்டென்று ஒடிய வேண்டும், வளைந்தால் முற்றிவிட்டது. முற்றிய காயைச் செடியிலேயே விட்டால் புதுக்காய் குறையும். காராமணியும் அப்படித்தான்.

பயிர் முடிந்த பாத்தியை மழையில் வெறுமனே போட்டு வைக்காதீர்கள். மண்ணுக்கே உரமாக வளர்த்து மடக்கி விடும் பசுந்தாள் உரப் பயிரான சணப்பையின் விதையைத் தூவிவிடுங்கள். வேர் முடிச்சு நூற்புழுவையும் அது குறைக்கும். தண்ணீர் நிற்கும் பாத்தி என்றால், இன்னொரு பசுந்தாள் பயிரான தக்கைப்பூண்டு தாங்கும். பூ எடுக்கும் சமயத்தில், ஏறத்தாழ 45 நாளில், வெட்டி மண்ணோடு புரட்டி இரண்டு மூன்று வாரம் மக்க விட்டு, இடிந்த வாய்க்காலைத் திரும்ப எடுத்துக் கட்டிவிட்டு அடுத்த நாற்றை நடலாம்.