பூனைப் பிரியர் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் கால்நடை கிளினிக்கில் உதவியாளராகச் சேர வருகிற பலரும் சொல்வது ஒன்றுதான்: "வீட்ல நாலு பூனை, தெருவுல பத்துப் பூனைக்குச் சோறு வைக்கிறேன்." நல்லதுதான். ஆனால் வீட்டுப் பழக்கத்தை அப்படியே கவுன்டருக்குக் கொண்டுவந்து, எல்லாரும் அதே சில இடங்களில் சறுக்குகிறார்கள். கதவைச் சாத்தாமல் கூடையைத் திறப்பது போன்றவற்றை ஒரே வாரத்தில் பூனையே கற்றுக்கொடுத்துவிடும். அவை இங்கே வேண்டாம்.

"முக்குது" என்றால் மலச்சிக்கல் என்று எழுதிவிடுவது

இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான். கட்டைப்பையில் பூனையோடு ஒருவர் ஆட்டோவில் வந்து இறங்குகிறார். "ரெண்டு நாளா வெளிக்கி போவல, மண்ணுல ஒக்காந்து முக்கிக்கினே கீது." புதியவர் நோட்டில் 'மலச்சிக்கல்' என்று எழுதி, டோக்கன் கொடுத்து, பதினைந்து நாய்களுக்குப் பின்னால் உட்கார வைக்கிறார். போனில் கேட்டிருந்தால் இன்னும் மோசம்: "விளக்கெண்ணெய் குடுங்க, நாளைக்கு வாங்க."

மலத்துக்கும் மூத்திரத்துக்கும் பூனை குந்தி முக்குவது கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தெரியும். ஆண் பூனையின் மூத்திரக் குழாய் நுனிக்குப் போகப் போகக் குறுகும். படிகத் துகளும் சளியும் சேர்ந்து அங்கே அடைத்தால் சொட்டு இறங்காது. மூத்திரப்பை நிரம்பும், சிறுநீரகம் தடுமாறும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பைக் கெடுக்கும். முழு அடைப்பு என்றால் ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். வாந்தி எடுத்து, உடம்பு சில்லிட்டுப் படுத்துவிட்டால் அவ்வளவு நேரம்கூட இல்லை.

ஆகவே நோட்டைத் திறக்கும் முன்பே கேளுங்கள்: ஆணா, பெண்ணா? மூத்திரம் போனதைக் கடைசியாக யார் கண்ணால் பார்த்தது? வாந்தி உண்டா? குறியை நக்கிக்கொண்டே இருக்கிறதா? வெளியே திரியும் பூனைக்கு "தெரியலயே" என்று பதில் வரும். அதை 'போகவில்லை' என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண் பூனை, மூத்திரத்தை யாரும் பார்க்கவில்லை என்றால் டோக்கன் எல்லாம் அப்புறம், நேரே டாக்டரிடம். கருத்தடை செய்த பூனைக்கும் இது வரும். வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள். கல்லாக இறுகிய பை வெடிக்கலாம். மயக்கம் கொடுத்து டியூப் போட்டு அடைப்பை எடுப்பது டாக்டரின் வேலை.

"கொழந்தைக்குக் குடுக்குற பாராசிட்டமால்தானே?"

கவுன்டரில் இதற்குத் தலையாட்டாதீர்கள். 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதியே 4 கிலோ பூனையைக் கொல்லலாம். அதன் கல்லீரலால் அதை முறிக்க முடியாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்காது. ஈறு பழுப்பேறும், முகம் வீங்கும். ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள் என்றால் மாத்திரை அட்டையோடு உடனே வரச் சொல்லுங்கள். நாய்க்கான பெர்மெத்ரின் உண்ணி மருந்தும் பூனைக்கு விஷம்தான்.

கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்குவது

தாய்ப்பூனை தூக்குவது குட்டியை. வளர்ந்த பூனை அப்படிப் பிடித்தால் மிரளும், மிரண்டால் கடிக்கும். கூடையின் மேல்பாதியைக் கழற்றி, துண்டைப் போர்த்தி, கீழ்ப்பாதியிலேயே வைத்துப் பார்க்கலாம். காத்திருக்கும்போது கூடை தரையில் வேண்டாம், நாயின் மூக்கு அங்கேதான் இருக்கும்.

கடியை மறைப்பது

சோப்பு, ஓடும் தண்ணீர், 15 நிமிடம். அன்றே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பூனைப்பல் ஊசி மாதிரி. மேலே ஓட்டை மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் பிடிக்கும். வெறிநோய்த் தடுப்பூசியை வேலையில் சேரும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பூனை

நாய் அல்ல அது, பூனைக்கு இப்படி மூச்சு வாங்குவது இயல்பில்லை. உடனே உள்ளே, டாக்டரிடம்.

"நானே ஊசி போடட்டுமா?"

கூடாது. 1903-இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மாதிரி ஓர் இடத்தில் ஐந்தரை ஆண்டு படித்து, கால்நடை மருத்துவ கவுன்சிலில் பதிந்தவரின் வேலை அது. உங்கள் வேலை எடை. பூனையைக் கூடையோடு நிறுத்து, காலிக் கூடையின் எடையைக் கழித்து எழுதுங்கள். 3 கிலோ பூனையைக் கண்ணால் பார்த்து '4' என்று எழுதினால், மயக்க மருந்து மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக ஏறும்.