முடிவை மட்டும் எழுதிவைக்காதீர்கள்

தங்கை மகன் போன வாரம் தன் நாட்குறிப்பைக் காட்டினான். நாகர்கோவிலில் கணக்கு எழுதும் வேலை. இந்த ஆண்டில் மட்டும் 'அலுவலகம் சகிக்கவில்லை' என்று பதினோரு பக்கங்கள். யார் என்ன செய்தார்கள் என்பது ஓரிடத்திலும் இல்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படி எழுதித்தான் நான் பணத்தை இழந்தேன்.

தினமும் எழுது, கையெழுத்தைப் பற்றிக் கவலைப்படாதே என்பதெல்லாம் ஊரே சொல்வது. அதை விடுகிறேன். நாட்குறிப்பில் செய்யக் கூடாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

தீர்ப்பை எழுதி, வழக்கை விட்டுவிடுவது

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தது. என் ஏத்தன் வாழைத் தோட்டம் ஒரே நாளில் படுத்துவிட்டது. அன்றிரவு மெழுகுவத்தி வெளிச்சத்தில் எழுதினேன்: 'இனி வாழை வேண்டாம்.' அடிக்கோடு வேறு.

மூன்று மாதம் கழித்துப் பக்கத்துத் தோட்டக்காரர் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டார். நோட்டைப் புரட்டினேன், அந்த வரி கண்ணில் பட்டது, கொடுத்துவிட்டேன். எத்தனை மரம் விழுந்தது, அதில் குலை தள்ளியவை எத்தனை, அடியில் கன்று இருந்ததா, நட்டத்தில் காற்றின் பங்கு எவ்வளவு, நான் வாங்கியிருந்த வட்டிக் கடனின் பங்கு எவ்வளவு? ஒன்றையும் எழுதவில்லை. நான் திரும்பிக்கூடப் பார்க்காத கன்றுகளை வைத்தே அவர் தோட்டத்தை மீட்டார். 2019 ஓணத்துக்கு என் நிலத்துக் குலைகள் கேரள லாரியில் ஏறுவதை வேலிக்கு இப்பால் நின்று பார்த்தேன். இன்றும் எரிகிறது.

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1980-களில் மாணவர்களைத் தங்கள் மனத்தை உறுத்தும் நிகழ்வு பற்றி நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதவைத்தார். அத்தகைய எழுத்துகளைப் பின்னர் ஆராய்ந்தபோது, நாளாக நாளாக 'ஏனென்றால்', 'இப்போது புரிகிறது' போன்ற சொற்கள் கூடிவந்தவர்களுக்கே உடல்நலம் அதிகம் தேறியிருந்தது.

இப்போதெல்லாம் 'வேண்டாம்' என்று எழுதினால், உடனே 'ஏனென்றால்' என்றும் எழுதிவிடுகிறேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லையா, அந்த முடிவு ஒரு வாரம் காத்திருக்கும்.

பழைய வரியைத் திருத்துவது

கூடாது. தேதி போட்டுப் பக்கத்தில் புது வரி எழுதுங்கள்.

ஜெல் பேனா

ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை பெய்யும் மாவட்டம் இது. ஜெல் மை நனைந்தால் கரைந்துவிடும். பால்பாயிண்ட் போதும்.

எழுதியதைப் படிக்காமல் மூடிவைப்பது

தங்கை மகனின் பதினோரு பக்கங்களுக்கும் தேதியை மட்டும் வரிசையாக எழுதச் சொன்னேன். அவற்றில் எட்டு, மாதக் கடைசி. "சம்பளப் பட்டியல் போடும் நாள் மாமா" என்றான். சகிக்க முடியாதது அலுவலகமா, சம்பளப் பட்டியலா என்று கேட்டேன். நோட்டை வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.