அமெரிக்க வானில் இணையும் முன்

கணினியில் பாவனை விமானம் ஓட்டுபவர்களும் கட்டுப்பாட்டாளர்களும் கூடும் இணைய வலையமைப்பான வாட்சிமில் மதுரையிலிருந்து பறந்து பழகியவர்கள் நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் இணைந்ததும் தடுமாறுவது, என் அனுபவத்தில், ஆங்கில உச்சரிப்பால் அன்று, உயரமானியால்தான். உயரமானியில் வைக்க நாம் ஹெக்டோபாஸ்கலில் கேட்கும் காற்றழுத்தத்தை அங்கே பாதரச அங்குலத்தில் சொல்வதால், ‘அல்டிமீட்டர் த்ரீ ஜீரோ ஒன் டூ’ என்று வந்தால் அது 30.12, அதாவது நம் கணக்கில் 1020 என்று உடனே பிடிபட வேண்டும். ஏறும்போது உயரமானியை நிலையான அழுத்தமான 29.92-க்கு மாற்றுவதும் அங்கே 18,000 அடியில்தான்.

இதற்காக, விமானத்தை இணைக்காமல் பார்வையாளராக மட்டும் நுழைந்து, அரை மணி நேரம் அலைவரிசையைக் கேட்டபடி, கட்டுப்பாட்டாளர் தரும் பறப்பு அனுமதியின் சொல்வரிசையைக் காலண்டர் தாளின் பின்புறம் எழுதிக்கொள்ளுங்கள். திருப்பரங்குன்றத்தில் எனக்கு விடியற்காலை நாலரை மணி தோதுப்படுகிறது. கோடையில் நியூயார்க்கில் அப்போது முந்தைய நாள் மாலை ஏழு மணி. அந்நாட்டு வரைபடங்களை அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏவின் தளத்திலேயே இலவசமாகப் பதிவிறக்கலாம்.