உரக்கடையில் களைக்கொல்லி விற்பனை: லைசென்ஸ் முதல் மாதிரி எடுப்பு வரை

கிராமத்தில் புதிதாக உரக்கடை போடுகிறவர்கள் உரம், விதை, டானிக் பற்றி நிறைய விசாரிக்கிறார்கள். களைக்கொல்லியை மட்டும் "அதுவும் ஒரு டப்பாதானே" என்று ரேக்கில் அடுக்கிவிடுகிறார்கள். கடையில் இருக்கும் சரக்கிலேயே பயிரையும் ஆளையும் சட்டென்று கெடுக்கக்கூடியது அதுதான். தமிழ்நாட்டில் சில்லறைக் கடை தொடங்குகிறவருக்கான வழிமுறையை வரிசையாகத் தருகிறோம்.

படி 1: லைசென்ஸ்

களைக்கொல்லியும் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்குள்தான் வருகிறது. உர லைசென்ஸை வைத்து இதை விற்க முடியாது, தனி உரிமம் வேண்டும். மாவட்டத்தில் வேளாண்மைத் துறையின் உரிமம் வழங்கும் அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு ஊரில் கடை என்றால் இரண்டு உரிமம். குடோன் வேறு இடத்தில் இருந்தால் அந்த முகவரியையும் உரிமத்தில் ஏற்றுங்கள். ஏற்றாத இடத்தில் சரக்கு இருந்தால், பில் எல்லாம் சரியாக இருந்தாலும் அது குற்றம்தான்.

படிப்புத் தகுதியும் உண்டு. வேளாண்மை, தோட்டக்கலைப் பட்டமோ, வேதியியல், தாவரவியல், விலங்கியல் போன்ற அறிவியல் பட்டமோ, வேளாண்மை அல்லது தோட்டக்கலையில் ஓராண்டு டிப்ளமோவோ இருக்க வேண்டும். உங்களுக்கு இல்லையென்றால் அந்தத் தகுதியுள்ள ஒருவரை வேலைக்கு வைக்க வேண்டும். உரம், மருந்து விற்கும் கடைக்காரர்களுக்கென்றே ஐதராபாத் 'மேனேஜ்' நிறுவனம் வைத்திருக்கும் 'டேசி' டிப்ளமோ 48 வாரம். கடையை நடத்திக்கொண்டே படிக்கும்படி அமைத்திருக்கிறார்கள். சான்றிதழுக்காக மட்டுமல்ல, பாடத்துக்காகவே படிக்கலாம்.

லைசென்ஸ் கையில் வந்ததும் எல்லாக் கம்பெனி சரக்கையும் விற்கலாம் என்று நினைக்க வேண்டாம். தன் சரக்கை நீங்கள் விற்கலாம் என்று ஒவ்வொரு கம்பெனியும் தரும் பிரின்சிபல் சர்டிபிகேட், அதாவது பி.சி., உரிமத்தில் சேர்க்கப்பட வேண்டும். சீசன் நேரத்தில் ஒருவர் புதுக் கம்பெனி சரக்கை நல்ல தள்ளுபடியில் இறக்கிவிட்டு "பி.சி. அடுத்த வாரம் வரும்" என்பார். அந்த ஒரு வாரத்தில் சோதனை வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். உரிமத்தைக் கடைக்கு வருகிறவர் கண்ணில் படும் இடத்தில் மாட்டுங்கள்.

படி 2: சரக்கு வாங்கும்போது

சட்டத்தின் 30ஆம் பிரிவைச் சில்லறைக் கடைக்காரர் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சரக்கு தரமற்றது என்று பின்னால் தெரியவந்தாலும், மூன்று விஷயங்களை நிரூபித்தால் நீங்கள் தப்பலாம். உரிமம் உள்ளவரிடம் வாங்கியிருக்க வேண்டும். குறை இருப்பது உங்களுக்குத் தெரியாது, நியாயமான கவனத்தோடு பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது என்று காட்ட வேண்டும். சரியாகச் சேமித்து, வாங்கிய நிலையிலேயே வைத்திருந்திருக்க வேண்டும். இனி வரும் படிகள் பெரும்பாலும் இந்த மூன்றையும் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

எனவே வண்டியில் சரக்கு வந்ததும் பில்லில் உள்ள பேட்ச் நம்பரை டப்பாவோடு ஒப்பிடுங்கள். பெட்டியின் மேலே ஒரு நம்பரும் உள்ளே வேறு நம்பரும் இருப்பது நடக்கிறது. தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி, மூடியின் சீல், லேபிள், பெட்டிக்குள் இருக்க வேண்டிய துண்டுப் பிரசுரம் எல்லாம் பாருங்கள். கசிந்த பெட்டியை அன்றே திருப்பி அனுப்புங்கள். பில் இல்லாமல் பக்கத்துக் கடையில் கைமாற்றாக நான்கு பாட்டில் வாங்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். அந்த நான்கு பாட்டிலுக்கு 30ஆம் பிரிவு துணைக்கு வராது.

படி 3: அடுக்கி வைப்பது

மற்ற சரக்கு இருக்கும் அறையில் இருந்து பிரித்துத் தனி அறையில் வைக்க வேண்டும், சரக்கு குறைவு என்றால் பூட்டுப் போட்ட தனி அலமாரி. இது விதி. உணவுப் பொருளோ மாட்டுத் தீவனமோ இருக்கும் இடத்தில் வைக்கவே கூடாது. அறை ஈரமில்லாமல், வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ளதாக இருக்க வேண்டும்.

விதையைத் தள்ளி வைக்கச் சொல்வதற்குத் தனிக் காரணம் உண்டு. 2,4-டி என்ற களைக்கொல்லியின் எஸ்டர் வகை எளிதில் ஆவியாகும். பாட்டில் லேசாகக் கசிந்தாலே பக்கத்தில் இருக்கும் விதையின் முளைப்புத்திறன் கெடலாம். விவசாயி விதைக் கம்பெனியைத் திட்டுவார், காரணம் உங்கள் ரேக்கில் இருக்கும்.

திரவம் கீழ்த்தட்டில், பவுடர் மேல்தட்டில். பெட்டிகளைத் தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின் மேல் வையுங்கள். காலாவதி முதலில் வருவது முன்வரிசையில். ஒரு வாளி மணலோ மரத்தூளோ அறையிலேயே இருக்கட்டும். மருந்து கொட்டினால் கையுறை போட்டுக்கொண்டு அதைத் தூவி உறிஞ்சவிட்டு அள்ளுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் சாக்கடை வழியாக எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

படி 4: லேபிளைப் படிக்கப் பழகுங்கள்

லேபிளில் சாய்ந்த சதுரத்தின் கீழ்ப்பாதி நிறம் நச்சுத்தன்மையைக் காட்டும். சிவப்பு மிகக் கடுமையானது, மேலே மண்டையோடும் இருக்கும். அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை.

நிறத்தை மட்டும் நம்பி அளந்துவிடாதீர்கள். பாராக்குவாட் 24% மருந்தில் இருப்பது மஞ்சள்தான், ஆனால் வாய்க்குள் போனால் அதற்கு மாற்று மருந்தே கிடையாது. நுரையீரலும் சிறுநீரகமும் பாழாகும். கேரளம் 2011இல் இதைத் தடை செய்தது. எல்லையோர ஊர்க் கடைக்காரர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கிளைபோசேட் விஷயத்தில் 2022 அக்டோபரில் மத்திய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் தவிர வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது என்று அறிவிக்கை வெளியிட்டது. இந்த மாதிரிச் சரக்கை இறக்கும் முன் உரிமம் வழங்கும் அலுவலரிடம் எழுத்துமூலம் கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள். மாநில அரசும் 27ஆம் பிரிவின்படி ஒரு மருந்தை 60 நாள் வரை நிறுத்தி வைக்கலாம். அப்படி உத்தரவு வந்த அன்றே அந்தச் சரக்கை ரேக்கில் இருந்து எடுத்துத் தனியே வைத்துவிட வேண்டும்.

படி 5: கவுண்டரில்

"புல் மருந்து ஒரு லிட்டர் குடுங்க" என்று கேட்டதும் எடுத்து நீட்டாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். என்ன பயிர்? நட்டோ விதைத்தோ எத்தனை நாள்? பக்கத்து வயலில் என்ன இருக்கிறது?

நெல்லையே எடுத்துக்கொள்வோம். பிரெட்டிலாகுளோர் 50% நடவு நெல்லுக்கு. ஏக்கருக்கு 400 முதல் 600 மில்லி, நட்ட 3 முதல் 5 நாளுக்குள், வயலில் மெல்லிய தண்ணீர் நிற்க வேண்டும். 20 கிலோ காய்ந்த மணலில் கலந்தும் தூவலாம். சேற்றில் நேரடியாக விதைத்த நெல்லுக்கு இதைக் கொடுத்தால் நெல் முளையும் சேர்ந்து போய்விடும். அதற்குப் பயிரைக் காக்கும் பொருள் சேர்த்த பிரெட்டிலாகுளோர் 30.7% தனியாக வருகிறது. பெயர் ஒன்றுதான், சதவீதம்தான் வேறு. பெயரைப் பார்த்து எடுத்துக் கொடுப்பதால் வரும் நஷ்டத்தில் இது முதன்மையானது.

களை முளைத்து 2, 3 இலையில் நிற்கிறது என்றால் பிஸ்பைரிபாக் சோடியம் 10%, ஏக்கருக்கு 80 முதல் 100 மில்லி. தண்ணீரை வடித்துவிட்டு அடிக்க வேண்டும். "டேங்குக்கு எத்தனை மூடி?" என்று கேட்பார்கள். மூடிக் கணக்கு சொல்லவே கூடாது, ஒவ்வொரு கம்பெனி மூடியும் ஒவ்வொரு அளவு. "உங்க ஏக்கருக்கு எத்தனை டேங்க் ஓடும்?" என்று திருப்பிக் கேளுங்கள். 100 மில்லியை 10 டேங்காக அடிப்பவருக்கு டேங்குக்கு 10 மில்லி, 8 டேங்க் அடிப்பவருக்கு 12.5 மில்லி. பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்து, அளவுக் குவளை ஒன்றையும் கையில் கொடுங்கள்.

2,4-டி கேட்பவரிடம் பக்கத்து வயலைப் பற்றிக் கேட்காமல் விட்டால் சண்டை உங்கள் வாசலுக்கு வரும். பருத்தி, கத்தரி, தக்காளி, திராட்சை எல்லாம் காற்றில் வந்த சாரலுக்கே இலை சுருங்கிவிடும். அந்த டேங்கைச் சரியாகக் கழுவாமல் அடுத்த வாரம் பருத்திக்குப் பூச்சிமருந்து அடித்தாலும் அதே கதிதான். களைக்கொல்லிக்கு என்று தனி டேங்க் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விசைத்தெளிப்பான் வேண்டாம், தட்டை விசிறி நாசில் போட்ட கைத்தெளிப்பான் போதும். மக்காச்சோளத்துக்கு அட்ரசின் வாங்குகிறவர் ஊடுபயிராகப் பயறு போட்டிருந்தால் கொடுக்கவே கூடாது.

சில்லறையாக ஊற்றிக் கொடுப்பது அறவே கூடாது. லேபிளோடு பேக் செய்யாத மருந்தை விற்பது விதிமீறல். அதைவிட முக்கியம், கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் போன பாராக்குவாட்டை வீட்டில் குழந்தை எடுத்துக் குடிக்கும். "கால் லிட்டர் போதும்ணே" என்றால் 250 மில்லி பேக்கை வாங்கி வையுங்கள். சிறுவர்களிடம் கொடுத்தனுப்பாதீர்கள். குடித்திருக்கிறவருக்கும், முகத்தைப் பார்த்தாலே மனம் சரியில்லை என்று தெரிகிறவருக்கும் "சரக்கு இல்லை" என்று சொல்லிவிட்டு, வீட்டாருக்குத் தகவல் கொடுங்கள். ஒரு விற்பனை போவதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

யாராவது உட்கொண்டுவிட்டதாகத் தெரிந்தால் உடனே 108. லேபிளோடு அந்த டப்பாவையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகச் சொல்லுங்கள், என்ன மருந்து என்று டாக்டருக்குத் தெரிந்தால்தான் சிகிச்சை. டெல்லி எய்ம்ஸ் விஷ முறிவுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117.

படி 6: பில்லும் ரெஜிஸ்டரும்

ஒவ்வொரு விற்பனைக்கும் பில். வாங்குபவர் பெயர், ஊர், மருந்தின் பெயர், சதவீதம், கம்பெனி, பேட்ச் நம்பர், காலாவதித் தேதி, அளவு, விலை எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஸ்டாக் ரெஜிஸ்டரை அன்றன்று முடியுங்கள். பேட்ச் வாரியாக இருப்பு ரேக்கோடு ஒத்துப்போக வேண்டும். வார இறுதியில் மொத்தமாக எழுதினால் பேட்ச் நம்பர் கட்டாயம் மாறும்.

படி 7: காலாவதியான சரக்கு

தேதி முடிந்த அன்றே ரேக்கில் இருந்து எடுத்து, "விற்பனைக்கு அல்ல" என்று முத்திரை குத்தி, பலகை மாட்டிய தனி இடத்தில் வைக்க வேண்டும். ஓரமாக ஒதுக்கி வைத்தேன் என்று சொன்னால் ஏற்கமாட்டார்கள். கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப உடனே கடிதம் எழுதி நகல் வையுங்கள். கிணற்றிலோ ஓடையிலோ கொட்டுவதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

படி 8: ஆய்வாளர் வந்தால்

பூச்சிக்கொல்லி ஆய்வாளருக்குக் கடைக்குள் வந்து பார்க்கவும், ரெஜிஸ்டரைக் கேட்கவும், சந்தேகம் இருந்தால் ஒரு சரக்கின் விற்பனையை 30 நாள் வரை நிறுத்தவும் அதிகாரம் உண்டு. மாதிரி எடுத்தால் அதற்கு விலை தர வேண்டும், மூன்றாகப் பிரித்துச் சீல் வைத்து ஒன்றை உங்களிடம் கொடுக்க வேண்டும். அந்தப் பங்கை வெயில் படாமல், சீல் உடையாமல் பூட்டி வையுங்கள். வாங்கிய பில்லின் நகலையும் அன்றே அவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

ஆய்வறிக்கையில் தரமற்றது என்று வந்தால், நகல் கிடைத்த 28 நாளுக்குள் அதை மறுத்துச் சான்று தரப்போவதாக எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். அப்போதுதான் ஃபரிதாபாத்தில் உள்ள மத்திய பூச்சிக்கொல்லி ஆய்வகத்துக்கு மறு ஆய்வு கேட்க வழி இருக்கும். கம்பெனிக்காரர் "நாங்க பாத்துக்கிறோம்" என்று சொன்னாலும் உங்கள் கடிதத்தை நீங்களே பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைக் கோப்பில் வையுங்கள்.